அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்த காந்தாரம்

எங்கள் இசைத் துறைக்கு ஒலிப்பதிவுக் கருவி வந்துவிட்டதாம். போன மாதம் இளம் விரிவுரையாளர்கள் இருவர் வீடு தேடி வந்து சொன்னார்கள். இனிமேல் கிராமத்துப் பாட்டை அங்கேயே நாடாவில் பிடித்துக்கொண்டு வந்து, வேண்டிய மட்டும் ஓடவிட்டுக் கேட்கலாம். ஒருவர் கையில் என் புத்தகம் இருந்தது. பெரிய வெள்ளிப் புலம்பல் உள்ள பக்கத்தைத் திறந்து காட்டி, வெறும் காதையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு இவ்வளவு சுத்தமாக எப்படிச் சுரப்படுத்தினீர்கள், துறை மலருக்கு அதைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். சரி என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தப் பக்கம் சுத்தமாகத்தான் இருக்கிறது. அதில் ஒரு பொய்யும் இருக்கிறது. எழுதினால் அதைத்தான் எழுத வேண்டும். அவர்கள் அச்சிடாவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

எங்கள் ஊர் தேவாரம் என்ற ஊருக்குக் கிழக்கே, கம்பம் பள்ளத்தாக்கின் வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். சோளமும் பருத்தியும் கடலையும்தான். ஊரில் பாதிக்கு மேல் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். என் அப்பா கோயிலில் உபதேசியார். சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் சொல்லிக்கொடுப்பவர். அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாள். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா அருளாயிதான் என்னைத் தூக்கி வளர்த்தது. அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். மச்சான் ஏலக்காய் மலைக்கு வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு இறங்கி வந்தார், பிழைக்கவில்லை. அந்தக் காய்ச்சல் அடுத்த மழைக்காலத்தில் அவள் மகனையும் கொண்டுபோனது. அவனுக்கு ஏழு வயது. அப்போது நான் மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன், அடக்கத்துக்கு வரவில்லை.

நான் படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். கோயில் ஆர்மோனியத்தை யாரும் சொல்லித்தராமலே வாசித்தேன் என்று பங்குச் சாமியார் மதுரைப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஒரு பாகவதரிடம் பிடில் கற்றேன். வேதக்காரப் பையன் என்று என்னைக் கூடத்துக்குள் விடமாட்டார்; வராந்தாவில் உட்கார்ந்துதான் பாடம். ஆனாலும் மனசாரச் சொல்லிக்கொடுத்தார். பிறகு சென்னை, இசைத் தேர்வுகள், சில வருடம் கச்சேரிகளில் பக்கவாத்தியம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக எடுத்துக்கொண்டார்கள். துறையில் என் மதத்தைச் சேர்ந்தவன் நான் ஒருவன்தான். யாரும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நானேதான் எந்நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் துறைத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் எழுதிக் கொடுத்த கட்டுரையை இரண்டு நாள் வைத்திருப்பார். திருப்பித் தரும்போது எழுந்து நின்று, இரண்டு கையாலும் தருவார். அதில் ஒரு எழுத்துத் திருத்தம்கூட இருக்காது. அவருக்கு ஒவ்வாத வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி மட்டும் இருக்கும். ஏன் என்று கேட்டால் "நீங்களே பாருங்களேன்" என்பார். மறுபடி எழுதிக்கொண்டு போக வேண்டும். புள்ளி மறைந்து திரும்பி வந்தால்தான் அச்சுக்குப் போகும். பத்து வருடம் அவருக்குக் கீழே இருந்தவர்கள் ஓரத்தில் புள்ளி தெரிந்தாலே வியர்த்துப் போவார்கள். ஆனால் மனிதர் நல்லவர். எனக்கு டைபாயிட் வந்தபோது தன் வீட்டிலிருந்து கஞ்சி கொடுத்தனுப்பியவர்.

ஒருநாள் அவரே கூப்பிட்டு, உங்கள் பக்கத்துக் கிராமங்களில் கிறிஸ்தவர்கள் பாடும் பாட்டுகளைத் தொகுத்தால் என்ன, யாரும் செய்யாத வேலை என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் சனங்களின் பாட்டுக்கும் இலக்கணம் உண்டு என்று அந்த வித்வான்கள் சபையில் நிரூபிக்க வேண்டும் என்ற வெறி. ஊருக்குக் கிளம்பும்போது ஒற்றைத் தந்திப் பெட்டி ஒன்றையும் அவரே எடுத்துக் கொடுத்தார். நீளமான மரப்பெட்டி, மேலே ஒரே ஒரு கம்பி. கம்பிக்கு அடியில் நகர்த்தக்கூடிய சின்ன மரக்கட்டை, அதற்குக் குதிரை என்று பெயர். அதன் கீழே அளவுக்கோடு போட்ட காகிதம் ஒட்டியிருக்கும். பாடுகிறவரின் ஆதார சுருதிக்குக் கம்பியை முறுக்கிவிட்டு, அவர் ஒரு சுரத்தில் நிற்கும்போது குதிரையை நகர்த்திக்கொண்டே மீட்ட வேண்டும். கம்பியின் ஓசையும் குரலும் ஒன்றோடொன்று கரைகிற இடம் வரும். அங்கே கோடு போட்டுக்கொண்டால் அந்தச் சுரம் காகிதத்தில் வந்துவிடும்.

போடி வரை ரயில், அதற்கப்புறம் பஸ், கடைசி மூன்று மைல் வண்டி. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே போனேன்.

எங்கள் ஊரில் பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகலில் இயேசுவின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி மாதா சுரூபத்தின் முன்னால் கிடத்துவார்கள். அப்போது ஒரு பெண் மாதாவின் புலம்பலைப் பாடுவாள். தன் மகன் இறந்ததிலிருந்து எங்கள் அக்காதான் பாடிக்கொண்டிருந்தாள்.

முள்ளெடுக்க வந்தேன் மகனே – என் கை
முழுசும் நடுங்குதய்யா

"மகனே" என்ற இடத்தில் அவள் குரல் இறங்கி ஒரு சுரத்தில் நிற்கும். அசையாது. எத்தனையோ காந்தாரம் கேட்டவன் நான். அசைத்துப் பாடுவார்கள், வழுக்கிப் பாடுவார்கள். இது ஆடாமல், அடைத்துக்கொண்ட தொண்டையிலிருந்து வருகிற மாதிரி நிற்கும். பிறகு அவள் பாட்டையே நிறுத்திவிடுவாள். எவ்வளவு நேரம் என்று கணக்குக் கிடையாது. கோயிலில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது. அடுத்த அடியை அவள் எடுக்கும்போது பெண்கள் பக்கமிருந்து ஒரே அழுகையாக எழும்பும். அந்த வருடம் நானும் அழுதேன், பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே.

அளவெடுக்க மறுபடி பாடச் சொன்னபோது அக்கா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. புலம்பலை வீட்டுக்குள் பாடக்கூடாது, ஆகாது. கடைசியில் என் தொல்லை தாங்காமல் சோளக்காட்டுக்கு வா என்றாள். கிணற்று மேட்டில் பெட்டியை வைத்தேன். அவள் களைக்கொத்தியைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பாடினாள். நான் குதிரையை நகர்த்தினேன். அவள் நின்ற சுரம் சதுச்ருதி ரிஷபத்தைத் தாண்டிவிட்டது. சாதாரண காந்தாரத்துக்கு வந்து சேரவில்லை. வீணையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மெட்டுகளுக்கு நடுவில், கிட்டத்தட்ட சரிபாதியில் நின்றது. என் காதின் மேல் நம்பிக்கையில்லாமல் மறுநாளும் பாட வைத்தேன். அதற்கு மறுநாளும். மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன.

"எதுக்குடா தம்பி ஒரே எடத்தையே போட்டு நோண்டுற?" என்று கேட்டாள்.

"நீ அங்க எப்படி நிக்கிறன்னு தெரியணும்க்கா."

"நா எங்க நிக்கிறேன், அதுவா நிக்கிது" என்று சொல்லிவிட்டுக் களை வெட்டப் போய்விட்டாள்.

சென்னைக்குத் திரும்பி, கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். அந்தச் சுரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அங்கே தாளம் நின்றுபோகிறது என்று. இரண்டு நாள் கழித்துத் தலைவர் எழுந்து நின்று தாள்களைக் கொடுத்தார். ஓரத்தில் இரண்டு புள்ளி. ஒன்று சுரத்துக்கு, ஒன்று நிறுத்தத்துக்கு.

அளந்த காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மூன்று கோட்டையும் விரலால் தொட்டார். "பாட்டு நெடுகிலும் முகாரிதான் இல்லையா? இந்த ஓர் இடம் தவிர" என்றார். ஆமாம் என்றேன். "படிக்காத பெண். தொண்டை அடைத்துக்கொண்டு ஒரு சுரம் இறங்கிப் போகிறது. அவள் பாட நினைத்தது எது என்று நீங்களே பாருங்களேன்." அவ்வளவுதான் சொன்னார். என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை.

மறுபடியும் முதலில் எழுதியபடியே எழுதிக்கொடுத்தேன். புள்ளிகள் அப்படியே இருந்தன. அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு அடிபட்டது. அதைக் காரணம் காட்டி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. கிராமத்து வேதக்காரப் பெண் ஒருத்தி முகாரியைச் சுத்தமாகப் பாடுகிறாள் என்றால் சபை தலைவணங்கும். இரண்டுங்கெட்டான் சுரத்தில் பாடுகிறாள் என்றால் சிரிக்கும். எங்களைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன். மூன்றாம் முறை எழுதும்போது அந்த இடத்தில் முகாரிக்குரிய சாதாரண காந்தாரம் போட்டேன். நிறுத்தத்தை எடுத்துவிட்டு இரண்டு அட்சரத் தாள அளவுக்குள் அடைத்தேன். புள்ளி மறைந்தது.

புத்தகம் வந்தது. வேலை நிரந்தரமானது. ஒரு பெரிய அரங்கில் அந்தப் புலம்பலைப் பிடிலில் வாசித்துக் காட்டிப் பேசினேன். முன்வரிசையிலிருந்த வித்வான்கள் தலையாட்டினார்கள். தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சுரத்தில் விரல் வைக்கும்போது என் விரல் தானாகக் கொஞ்சம் கீழே சறுக்கப் பார்த்தது. அழுத்திப் பிடித்து வாசித்தேன். ஒவ்வொரு வருடமும் மாணவர்களுக்கு முகாரிக்கு நாட்டுப்புற உதாரணமாக அதையே சொல்லிக்கொடுத்தேன். தேர்விலும் கேட்டேன்.

யுத்தத்தின் நடுவில் ஒரு தவக்காலத்தில் ஊருக்குப் போனேன். போடி ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மதுரையிலிருந்து கரியடுப்பு வைத்த பஸ்ஸில், தேனி மேட்டில் இறங்கித் தள்ளி, ஒரு பகல் முழுக்கப் பயணம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சூசை என்று ஒரு புது வாத்தியார் வந்திருந்தார். நல்ல துடிப்பான ஆள். என் புத்தகத்தைப் பங்குச் சாமியார் வாங்கிக் கொடுக்க, ஆர்மோனியத்தை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எல்லாப் பாட்டையும் அதன்படி பழக்கியிருந்தார். புலம்பலில் அக்கா முன்னால் பாட வேண்டும், பிள்ளைகள் வாங்கிப் பாட வேண்டும் என்று ஏற்பாடு.

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். முகம் சுருங்கிக் கிடந்தது. சூசை வாத்தியார் எழுந்து கும்பிட்டுவிட்டு, "சாரே வந்துட்டாக. இனி சாரு சொன்னாச் சரி" என்றார். சொல்லும்போது அக்காவை மரியாதையாகத்தான் பார்த்தார்.

அக்கா என்னிடம் திரும்பினாள்.

"தம்பி, எனக்கு அந்த ஒரு எடம் மட்டும் வரமாட்டேங்குது. ஆர்மோனியப் பொட்டி ஒரு பக்கம் போகுது, நா ஒரு பக்கம் போறேன். இத்தன வருசமும் தப்பாவே பாடிட்டனாம்ல. நீ எழுதுனாப்புல ஒருக்காப் பாடிக் காமி."

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆர்மோனியத்தில் அந்தச் சுரம் இல்லை, அக்கா பாடுவதுதான் சரி, புத்தகம்தான் தப்பு. சாமியார் இருந்தார், வாத்தியார் இருந்தார், இருபது முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். சென்னைப் பேராசிரியர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று வாசலில் ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து ஆர்மோனியத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

பாடிக் காட்டினேன். அக்கா வாங்கிப் பாடினாள். "மகனே" என்று இறங்கி, கிணற்று மேட்டில் மூன்று நாளும் நின்ற அதே இடத்தில் நின்றாள். நான் ஆர்மோனியத்தின் கட்டையை விரலால் தட்டிக் காட்டினேன்.

"இங்கக்கா. இன்னும் கொஞ்சம் மேல."

மறுபடி பாடினாள்.

"இன்னும் கொஞ்சம். நிக்காதக்கா, தாளம் போயிரும்."

காட்டு வேலையில் காய்ந்த கழுத்து நரம்பு புடைக்க, குழந்தை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டு பாடினாள். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் கட்டையும் குரலும் ஒன்றானது. வாத்தியார் முகம் மலர்ந்தது.

"இப்பச் சரியா தம்பி?"

"சரிக்கா" என்றேன்.

ஐந்து நாள் வீட்டிலும் காட்டிலும் வாய்க்குள் முணுமுணுத்துப் பழகிக்கொண்டாள். வீட்டுக்குள் பாடக்கூடாது என்பதைக்கூட மறந்துவிட்டாள். பெரிய வெள்ளியன்று ஒரு இடம் பிசகாமல் பாடினாள். ஆர்மோனியம் கூடவே போனது, பிள்ளைகள் வாங்கிப் பாடினார்கள், தாளம் நிற்கவில்லை. பெண்கள் பக்கத்தில் சிலர் அந்த இடம் வரும் என்று முந்தானையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காத்திருந்தார்கள். அது வருவதற்குள் பாட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டது.

வெளியே வரும்போது சவேரியம்மா என்ற பக்கத்து வீட்டுப் பெண் அக்காவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "என்ன அருளாயி, இந்த வருசம் மாதா அழுகவே இல்லையே?"

"இப்பத்தான்டி சரியாப் பாடியிருக்கேன்" என்றாள் அக்கா. "எந் தம்பி ஒக்காந்து சொல்லிக்குடுத்தது."

சென்னைக்கு வந்து, செய்த பாவத்தை ஒப்புக்கொள்ளப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பத்துக் கட்டளைகளில் எட்டாம் கற்பனைக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொன்னேன் என்றேன். கோர்ட்டிலா என்று கேட்டார் குருவானவர். இல்லை சுவாமி, ஒரு புத்தகத்தில், ஒரு சுரத்தைப் பற்றி என்றேன். கம்பிச் சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து, அதனால் யாருக்காவது சொத்தோ பேரோ போயிற்றா என்று விசாரித்தார். போகவில்லை என்று சொன்னேன். அதுவும் பொய். பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார். சொன்னேன். மனசு லேசாகவில்லை, ஆகவும் கூடாது என்று பட்டது.

தலைவர் ஓய்வு பெற்றார். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு அச்சுப்படி மேசைக்கு வந்தது. இனி ஓரத்தில் புள்ளி வைக்க ஆளில்லை. பேனாவைத் திறந்து அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தேன். அந்தப் பாட்டை வைத்து என் மாணவர்கள் இரண்டு பேர் ஆராய்ச்சி எழுதியிருந்தார்கள். நான் பேசிய மேடைகள் நினைவுக்கு வந்தன. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். முதல் தடவை பயத்தில் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அந்தச் சாக்கும் இல்லை.

அந்தப் பதிப்பு வெளிவந்த வருடம், தவக்காலத் தொடக்கத்தில், ஒன்றரை மாத விடுப்புப் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அக்காவுக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. களத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். பிறகு, பழைய மாதிரி ஒரு தடவை பாடேன் அக்கா என்றேன்.

"அது எதுக்குடா? தெரியாமப் பாடுனது" என்று சிரித்தாள்.

"இல்லக்கா. நீ பாடுனதுதான் சரி. நாந்தான் மாத்தி எழுதிட்டேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று கோடு, புள்ளி, முகாரி, வேலை, சபை. அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, களத்தில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, மெல்லப் பாடிப் பார்த்தாள். "மகனே" என்று இறங்கினாள். குரல் நேராகப் போய் நான் சொல்லிக்கொடுத்த காந்தாரத்தில் நின்றது. மறுபடி பாடினாள். அதே இடம். மூன்றாம் தடவை பாதியிலேயே விட்டுவிட்டாள்.

"வரலடா" என்றாள். அப்புறம், "ஒனக்குத் தெரிஞ்சிருக்குல்ல. பெறகு எதுக்கு எனக்கு ஒக்காந்து சொல்லிக்குடுத்த?"

"பயந்துட்டேன்க்கா."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்கிட்டயுமா?"

குனிந்து மறுபடி உரிக்கத் தொடங்கினாள். கூடை நிறைந்ததும் எழுந்து போய்விட்டாள்.

அந்தப் பெரிய வெள்ளிக்கு, தொண்டை சரியில்லை என்று அவள் சாமியாரிடம் சொல்லிவிட்டாள். அவருக்கு வேறெந்தக் காரணமும் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. புலம்பலைப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை ஒருத்தி பாடினாள். நல்ல குரல். புத்தகத்தில் உள்ளபடியே பாடினாள். நான் ஆண்கள் பக்கம் முழங்காலில் இருந்தேன். எதிரே பெண்கள் பக்கத்தின் கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் வாங்கிப் பாடும்போது மற்றப் பெண்களும் சேர்ந்து பாடினார்கள். அவள் உதடு அசையவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

அன்று இருவருக்கும் ஒருசந்தி நோன்பு. பொழுது சாய்ந்த பிறகு வீட்டில் எனக்குக் கஞ்சி ஊற்றி வைத்தாள். எதிரில் உட்கார்ந்து, நான் இரண்டு வாய் குடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்புப் போதுமாடா?" என்று கேட்டாள்.

போதும் என்றேன்.